கிட்டார் கற்றலில் தேக்கம்: தனி ஆசிரியரால் என்ன மாறும்?

கேள்வி இது: "மூன்று வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். பெரும்பாலும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. தினமும் ஒரு மணி நேரமாவது உட்காருகிறேன். ஆனால் போன ஒரு வருடமாக அதே பாட்டுகள், அதே வேகம், அதே இடத்தில் தடுமாற்றம். தனியாக ஒருவரிடம் போய்க் கற்றால் ஏதாவது மாறுமா? இல்லை, இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பயிற்சி செய்தாலே சரியாகிவிடுமா?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இப்போது செய்கிற அதே பயிற்சியை இரண்டு மணி நேரமாக்கினால், இப்போது இருக்கிற நிலை இன்னும் கெட்டிப்படும். அவ்வளவுதான். ஒரு வருடம் விடாமல் உட்கார்ந்தும் நகரவில்லை என்றால் உங்கள் உழைப்பில் குறை இல்லை, அந்த உழைப்பு போய்ச் சேருகிற இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தெரிந்திருந்தால் இந்நேரம் நீங்களே சரிசெய்திருப்பீர்கள். தனி ஆசிரியரின் பயன் அங்கேதான் வருகிறது. புது ஸ்கேல் (ஸ்வர வரிசை), புது கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது), புது பாட்டு எல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, அதற்கு ஆள் தேவையில்லை. நீங்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "சிக்கல் இங்கே இருக்கிறது" என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். நீங்கள் வீடியோவைப் பார்க்கலாம், வீடியோ உங்களைப் பார்க்காது.

தேக்கம் ஏன் வருகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாத் தேக்கமும் ஒரே ரகம் இல்லை. 1897-ல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தந்தி வேலை பழகுகிறவர்களின் வேகத்தை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். மோர்ஸ் ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேகம் கொஞ்ச காலம் ஏறியது, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நின்றது, அப்புறம் திடீரென்று மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டவர் சொல் சொல்லாகவும், பிறகு தொடர் தொடராகவும் கேட்கும் பழக்கம் உள்ளே உருவாகிறவரை வெளியே எந்த மாற்றமும் தெரியாது என்பது அவர்கள் தந்த விளக்கம். பின்னால் வந்தவர்கள் இந்த விளக்கத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் கிட்டார் பழகுகிறவர்களிடம் இதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். கார்டு மாற்றும்போது ஒவ்வொரு விரலாக யோசித்து வைத்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு நாள் எல்லா விரலும் சேர்ந்து ஒரே உருவமாக இறங்கும். அதற்கு முந்தைய வாரங்கள் அவருக்கு வீணாய்ப் போன மாதிரிதான் தெரிந்திருக்கும்.

இன்னொரு ரகம் இதற்கு நேர்மாறு. 1967-ல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் எந்தக் கைத்திறனும் மூன்று கட்டமாக வருகிறது என்று எழுதினார்கள். முதலில் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்கிறோம். அடுத்து பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. கடைசியில் வேலை தானாக நடக்கிறது, கவனம் அதைவிட்டு விலகிவிடுகிறது. இந்தக் கடைசிக் கட்டம் வரமா சாபமா என்பது எதைக் கொண்டுபோய் அதற்குள் போட்டோம் என்பதைப் பொறுத்தது. நல்ல அசைவு உள்ளே போயிருந்தால் அது தானாக நடக்கும். கட்டைவிரலை இறுக்கிப் பிடிப்பது, கார்டு மாறும்போது அரை பீட் (தாள அடி) இழுப்பது போன்றவை போயிருந்தால் அவையும் தானாகவே நடக்கும், உங்கள் கவனத்துக்கு வராமலே. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் 1993-ல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய ஆய்விலிருந்துதான் "பத்தாயிரம் மணி நேரம்" என்ற பேச்சே கிளம்பியது. அந்த ஆய்வு பேசிய பயிற்சி வெறும் மணிக்கணக்கு இல்லை. மாணவருக்கு அப்போது எது வரவில்லையோ அதைக் குறிவைத்து ஆசிரியர் வடிவமைத்துக் கொடுத்த பயிற்சி. மணிக்கணக்கை உலகம் பிடித்துக்கொண்டது, ஆசிரியரை விட்டுவிட்டது.

வாசிக்கிறவருக்கு இந்த இரண்டு தேக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் ரகத்துக்கு மருந்து, பேசாமல் தொடர்ந்து செய்வது. இரண்டாவது ரகத்துக்கு மருந்து, செய்வதை நிறுத்திவிட்டு வேறு மாதிரி செய்வது. மாற்றிக் கொடுத்தால் இரண்டுமே கெடும். இன்னும் இரண்டு வாரத்தில் தானாக வரப்போகிற ஒன்றை "வரவே இல்லை" என்று கைவிட்டு வேறு முறைக்குத் தாவினவர்கள் நிறைய. தப்பான அசைவை "பழகினால் சரியாகும்" என்று வருடக்கணக்கில் பழகுகிறவர்கள் அதைவிட நிறைய. எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்வதுதான் நல்ல ஆசிரியர் முதலில் செய்கிற வேலை.

இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது. அடிக்கடி வருகிற ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் மேஜர் ஸ்கேலை ஒரு கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்ற கணக்கில், பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) மாற்றி மாற்றி மேலும் கீழும் அடித்து வாசிக்கிறார். மெதுவாக வாசித்தால் சுத்தமாக இருக்கிறது. ஒரு வேகத்தைத் தாண்டினால் நொறுங்குகிறது. மாதக்கணக்கில் மெட்ரோனோம் (தாளக் கருவி) வைத்து நிமிடத்துக்கு இரண்டு இரண்டு அடியாக ஏற்றிப் பார்க்கிறார், அதே வேகத்தில் வந்து நிற்கிறது. "என் இடது கையும் வலது கையும் ஒத்துப்போகவில்லை" என்பது அவராகச் சொல்லும் காரணம். அதனால் இடது கைக்கான விரல் பயிற்சிகளைக் கூட்டுகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு வேறொன்று காதில் விழும். தடுமாற்றம் எல்லா இடத்திலும் இல்லை. ஆறாவது கம்பியிலிருந்து ஐந்துக்குப் போகும்போது தடுக்கிறது. ஐந்திலிருந்து நான்குக்குப் போகும்போது தடுக்கவில்லை. நான்கிலிருந்து மூன்றுக்கு மறுபடி தடுக்கிறது. ஒன்று விட்டு ஒன்று. இடது கையில் கோளாறு என்றால் இப்படி வராது. உடனே ஆசிரியர் கேட்பார்: "அதே வேகத்தில் பெண்டடானிக் (ஐந்து ஸ்வர ஸ்கேல்) வாசியுங்கள், ஒரு கம்பிக்கு இரண்டு ஸ்வரம்." அது வழுக்கிக்கொண்டு போகிறது. அப்போது விஷயம் வெளிச்சமாகிவிடுகிறது. இவர் பிக்கைப் பிடிக்கிற சாய்வில், அப் ஸ்ட்ரோக் (மேல்நோக்கிய அடி) அடித்ததும் பிக் கம்பிகளுக்கு மேலே வெளியே வந்துவிடுகிறது, அடுத்த கம்பிக்குத் தாராளமாகப் போகலாம். டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி) அடித்ததும் பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. கம்பிக்கு மூன்று ஸ்வரம் என்றால் முதல் கம்பி டவுனில் முடியும், அடுத்தது அப்பில் முடியும், அதற்கடுத்தது டவுனில். ஒன்று விட்டு ஒன்று தடுப்பதற்கு அதுதான் காரணம். இரண்டு ஸ்வரம் என்றால் எப்போதும் அப்பில் முடியும், ஆகவே தடையே இல்லை.

இதற்குத் தீர்வு வேகத்தைக் கூட்டுவதில் இல்லை. ஸ்கேலில் ஏறும்போது, டவுன் ஸ்ட்ரோக்கில் முடிந்த பிக்கை எடுக்காமல் அப்படியே அடுத்த கம்பிக்குள் தள்ளினால் போதும், அங்கேயும் டவுனில் தொடங்கலாம். இறங்கும்போது கடைசி ஸ்வரத்தை அடிக்காமல் புல்-ஆஃப் செய்தால் (இடது கை விரலாலேயே கம்பியைச் சுண்டிவிட்டால்), பிக்கின் கடைசி அசைவு அப் ஸ்ட்ரோக்காகிவிடும். ஒரு வகுப்பில் விளக்கிவிடலாம், கைக்குப் பழக இன்னும் சில வாரம் ஆகும். தனியாக இருந்தால் இதை ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை? வாசிக்கும்போது முழுக் கவனமும் அடுத்த ஸ்வரத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் தடுத்தது என்று கணக்கு வைக்க மனதில் இடமில்லை. "எங்கோ நொறுங்குகிறது" என்ற உணர்வு மட்டும் மிஞ்சும். அந்த "எங்கோ"வை "இந்த மூன்று இடம்" என்று மாற்றுவதற்கு வெளியிலிருந்து ஒரு காது வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, சோலோ (கார்டுகளுக்கு மேல் தனி வாசிப்பு) வாசிக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்டு சுற்றிச் சுற்றி வருகிறது. மாணவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) ஏ மைனர் பெண்டடானிக் பெட்டிக்குள், அதாவது விரல் வைக்கிற ஒரே வடிவத்துக்குள், உட்கார்ந்துகொண்டு மேலும் கீழும் போய்வருகிறார். தப்பான ஸ்வரம் ஒன்றுமில்லை, ஆனால் எங்கே தொடங்கினாலும் ஒரே சோலோ மாதிரிதான் கேட்கிறது. "எனக்கு ஸ்கேல் போதவில்லை" என்று முடிவெடுத்து டோரியன், ஃப்ரிஜியன் என்று வேறு ஸ்கேல்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தொடங்குவார். பெட்டிகள் கூடும், வாசிப்பு அப்படியே இருக்கும்.

நான் இந்த மாதிரி நேரத்தில் ஸ்வரத்தைக் கூட்ட மாட்டேன், குறைப்பேன். ஒரே ஒரு கம்பி, மூன்றே ஸ்வரம். அப்புறம் ஒரு சின்ன வேலை. மூன்றாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருக்கும் சி ஸ்வரத்தில் நில்லுங்கள். ஏ மைனருக்கு அது பொருந்தும், எஃப்புக்குப் பொருந்தும், சி கார்டுக்குச் சொல்லவே வேண்டாம். ஜி வரும்போது மட்டும் ஒரு ஃப்ரெட் கீழே இறங்கி நான்காவது ஃப்ரெட்டில் பி ஸ்வரத்துக்கு வாருங்கள். பி அந்தப் பெண்டடானிக்கில் கிடையாது, ஆனால் ஜி கார்டின் உள்ளே இருக்கிறது. கார்டு மாறுகிற அதே நொடியில் அந்த அரை ஸ்வர இறக்கம் விழுந்தால், பின்னால் ஓடுகிற கார்டும் உங்கள் சோலோவும் முதல் முறையாக ஒன்றையொன்று கேட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். இதற்கு ஒரு புதிய ஸ்கேலும் தேவைப்படவில்லை. அவர் கேட்டது ஸ்கேல், அவருக்கு வேண்டியிருந்தது பின்னால் ஓடுகிற கார்டைக் கேட்கிற காது. கேட்டதையே கொடுத்திருந்தால் தேக்கம் இன்னொரு வருடம் நீண்டிருக்கும்.

சில தேக்கங்கள் மிகச் சாதாரணமானவை. எஃப் பார் கார்டு (ஒரே விரலைக் குறுக்கே வைத்து எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிப்பது) எத்தனை மாதமாகியும் சரியாக ஒலிக்கவில்லை என்று வருவார்கள். கிட்டாரை வாங்கி ஒரு முறை அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும், கோளாறு கையில் இல்லை, நட்டில் (கழுத்தின் முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) கம்பி உயரமாக உட்கார்ந்திருக்கிறது என்று. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுவிட்டு அதே உருவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால், கிட்டாரை ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து நட்டைச் சரிசெய்யுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இருக்கிற கிட்டாரோடு மல்லுக்கட்டிவிட்டு "எனக்குக் கை வலு இல்லை" என்று நினைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதே போலத்தான் இடது கை அழுத்தமும். பலர் தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள். விரலைக் கம்பியில் சும்மா தொட்டு, மொட்டையான 'டக்' சத்தம் வரும்படி அடித்துக்கொண்டே, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஸ்வரம் தெளிவாகிற அந்த இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவு அழுத்தம்தான் தேவை. இதைச் செய்யும்போது தோள், தாடை, மூச்சு என்ன செய்கின்றன என்று பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. வேகமான பகுதி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சரி, ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள்தான் இருப்பார், மீதி ஆறு நாள் நீங்கள் தனியாகத்தான். அந்த ஆறு நாளை அவர் எப்படி மாற்றுகிறார் என்பதில்தான் பெரும்பகுதி விஷயம் இருக்கிறது. 2009-ல் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் 17 பியானோ மாணவர்களுக்கு ஒரு கடினமான சிறு பகுதியைக் கொடுத்து, வேண்டும்வரை பழகச் சொல்லி, மறுநாள் வாசிக்கச் சொன்னார்கள். யார் நன்றாக வாசித்தார்கள் என்பதற்கும், எவ்வளவு நேரம் பழகினார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. முதலிடத்துக்கு வந்தவர்களும் பழகும்போது பிழை செய்தார்கள்தான். ஆனால் பிழை வந்ததும் அது எங்கே என்று சரியாகப் பிடித்து, அந்த இடத்தை மட்டும் வேகம் குறைத்து, அது நிலைக்கிறவரை விடவில்லை. மற்றவர்களிடம் இந்தக் கவனம் அவ்வளவாக இல்லை. நீங்கள் செய்வதும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தடுக்கியதும் பாட்டின் முதல் வரிக்குப் போவது கிட்டார்க்காரர்களின் தேசியப் பழக்கம். அதனால் எல்லோருடைய பாட்டிலும் முதல் எட்டு பார் (தாளச் சுற்று) பிரமாதமாக இருக்கும்.

ஆகவே ஆசிரியர் உங்களை வகுப்பிலேயே பயிற்சி செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். இது பலர் கேட்காத, பல ஆசிரியர்கள் செய்யாத விஷயம். "பாட்டை வாசித்துக் காட்டுங்கள்" என்பது ஒன்று. "இந்த இரண்டு பார் உங்களுக்கு வரவில்லை, நான் இல்லை என்று நினைத்துக்கொண்டு பத்து நிமிடம் பழகுங்கள், நான் பேச மாட்டேன்" என்பது வேறொன்று. இரண்டாவதில்தான் உங்கள் வருடம் எங்கே போனது என்று தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் திருத்தம் சொல்கிற ஆசிரியர் உங்களைக் கெடுத்துவிடுவார். 1984-ல் சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் உடல் அசைவுகளைக் கற்பது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, ஒவ்வொரு முயற்சிக்கும் திருத்தம் கிடைத்தால் அந்த நேரத்தில் நன்றாக வரும், திருத்தத்தை நிறுத்தியதும் சரிந்துவிடும் என்று காட்டினார்கள். வகுப்பில் வருகிறது, வீட்டில் வரவில்லை என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். நல்ல ஆசிரியர் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, "எங்கே பிசகியது?" என்று உங்களைத்தான் முதலில் கேட்பார். முதல் மாதம் உங்கள் பதில் தப்பாக இருக்கும். போகப் போக அவர் சொல்ல நினைத்ததையே நீங்கள் சொல்வீர்கள். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வாராவாரம் போகத் தேவையில்லை. மாதம் ஒரு முறை, பிறகு புதிதாக எங்காவது நின்றால் மட்டும். ஆயுசுக்கும் ஒருவரிடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் நம்பவில்லை. அப்படிச் சொல்கிற ஆசிரியரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பேன்.

"அப்படியானால் எவ்வளவு பெரிய வித்வானிடம் போக வேண்டும்?" என்று அடுத்து கேட்பீர்கள். பின்னாளில் ராக் கிட்டாரில் பெயர்பெற்ற ஜோ சாட்ரியானி, இன்னொரு பெயர்பெற்ற கிட்டார் கலைஞரான ஸ்டீவ் வாய்க்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது இருவருமே பள்ளி வயதுப் பையன்கள், ஸ்டீவைவிட சாட்ரியானி நான்கு வயதுதான் மூத்தவர். கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட் 1983-ல் மெட்டாலிக்கா என்ற ராக் குழுவில் சேர்ந்த பிறகும் அதே சாட்ரியானியிடம் வகுப்புக்குப் போனார். மேடையேறிவிட்டவருக்கும் பக்கத்தில் ஒரு காது தேவைப்பட்டிருக்கிறது. சாட்ரியானியே ஜாஸ் கலைஞர் லென்னி ட்ரிஸ்டானோவிடம் கொஞ்ச காலம் படித்தவர். ட்ரிஸ்டானோ வாசித்தது பியானோ, கிட்டார் இல்லை. பதிவுகளில் இருக்கும் சோலோக்களை வாசிப்பதற்கு முன் வாயால் பாட வைப்பது அவருடைய முறை. நமக்குத் தெரிந்த உதாரணம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் கொண்டுவருவான். விரல் எங்கே வைப்பது என்று சொல்ல முடியாத குருவிடமிருந்து, அந்த வாத்தியத்தில் அதுவரை கேட்காத வாசிப்பு வந்தது.

ஆக, உங்களைவிட வேகமாக வாசிக்கிறவர்தான் வேண்டும் என்பதில்லை. உங்களைவிட நன்றாகக் கேட்கிறவர் வேண்டும். கைப்பிடி, பிக் கோணம் மாதிரியான சிக்கலுக்குக் கிட்டார்க்காரரே தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் தாளத்தில் ஓடுவது, சோலோவில் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போவது, பெண்டிங் (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது) சுருதியில் சேராமல் நிற்பது இவற்றுக்கெல்லாம் ஒரு நல்ல பாடகரோ டிரம்மரோ கூடப் போதும். தாளம் ஓடுகிறவரை நான் டிரம்மரிடம்தான் அனுப்புவேன், கிட்டார் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கே அந்த வியாதி உண்டு.

எல்லோருக்கும் குரு வேண்டுமென்றால் வெஸ் மாண்ட்கோமரி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்ற பெரிய கிட்டார் கலைஞர்கள் எல்லாம் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெஸ், ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களைப் பதிவிலிருந்து கேட்டுக் கேட்டு அச்சாகப் பிடித்தவர். தான் வாசிப்பதையும் பதிவில் இருப்பதையும் ஒப்பிடத் தெரிந்த காது அவரிடமே இருந்தது. ஹெண்ட்ரிக்ஸ் 1960-களின் நடுவில் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்ற புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பின்னணி வாசித்துப் பழகியவர். இரவுக்கு இரவு மேடையில் அப்படிப்பட்டவர்களோடு நிற்பதைவிடக் கறாரான வகுப்பு கிடையாது. வகுப்பறையில் கற்கவில்லை என்பதால் அவர்களைத் திருத்த யாருமே இல்லை என்று ஆகாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிக்கிற நமக்குத்தான் அந்தத் திருத்தம் எங்கிருந்தும் வருவதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை வைத்திருக்கிறேன். முதல் வகுப்பில் யார் அதிக நேரம் வாசித்தது? அவர் வாசித்துக் காட்டி நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருந்தால், நல்ல கச்சேரி, வகுப்பு இல்லை. எல்லா மாணவருக்கும் ஒரே பாடத்திட்டம் கொடுப்பவர் தொடக்க நிலைக்குச் சரி, தேங்கி நிற்பவருக்குப் பயனில்லை. போன வாரம் உங்களுக்கு என்ன சொன்னார் என்று அவரே நினைவில் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

நேரில் கிடைக்காவிட்டால் இணைய வழியிலும் நடக்கும், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான வீடியோ அழைப்பில் ஒலி தாமதமாகப் போய்ச் சேருவதால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. பேச்சுக்காகச் செய்த செயலி கிட்டாரின் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து நடுநடுவே அமுக்கியும் விடும். இதைச் சமாளிக்க, வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். ஒரு பதிவில் வலது கை தெரியட்டும், இன்னொன்றில் இடது கை. ஆசிரியர் அதை நிறுத்தி நிறுத்தி, வேகத்தைக் குறைத்துப் பார்க்க முடியும். சில விஷயத்தில் நேரில் பார்ப்பதைவிட இதுவே மேல்.

போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்களுக்குத் தடுக்கிற ஒரு பகுதியை, அதிகபட்சம் எட்டு பார், மூன்று வேகத்தில் பதிவு செய்யுங்கள்: சுத்தமாக வருகிற வேகம், ஆட்டம் காண்கிற வேகம், நொறுங்குகிற வேகம். உங்கள் ஒரு மணி நேரப் பயிற்சி ஒன்றையும் தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். "எனக்கு என்ன கற்றுக்கொடுப்பீர்கள்?" என்று கேட்காமல், இவற்றைக் காட்டி "இதில் என்ன கேட்கிறது உங்களுக்கு?" என்று கேளுங்கள். நான்கு வகுப்பு முடிந்ததும் அதே எட்டு பாரை மறுபடி பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகம் கூடியிருக்க வேண்டும் என்றில்லை. தடுக்கிற இடம் குறைந்திருக்க வேண்டும், அல்லது ஏன் தடுக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். இரண்டும் இல்லை என்றால் ஆளை மாற்றுங்கள், தயங்க வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஆசிரியரை நம்பிக் காத்திருக்காதீர்கள். மணிக்கட்டில் வலி, விரலில் மரத்துப்போகிற உணர்வு, சொன்னபடி கேட்காமல் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்வது இதெல்லாம் தேக்கம் இல்லை. விரல் சுருள்வது ஃபோகல் டிஸ்டோனியா என்ற நரம்புச் சிக்கலின் அறிகுறியாக இருக்கலாம். பில்லி மெக்லாஃப்லின் என்ற கிட்டார் கலைஞர் அதனால் கையை மாற்றி, இடது கைக்காரராக மறுபடி அடியிலிருந்து பழக வேண்டியிருந்தது. இப்படி ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், வகுப்பெல்லாம் அப்புறம்.